பூனைக்கு வந்த சர்க்கரை

பால்கனியில் பூனை சிறுநீர் கழித்த மூலையில் எறும்பு வரிசை கட்டினால், நம் ஊர்ப் பாட்டிமாருக்கு விளக்கம் தேவைப்படாது. எறும்பு மொய்க்கும் சிறுநீரைக் கொண்டே மனிதரின் நீரிழிவை அடையாளம் கண்ட நாடு இது. அதே நோய் பூனைக்கும் வரும் என்பதுதான் பலருக்குப் புதுச் செய்தி. பிரிட்டனில் காப்பீடு செய்யப்பட்ட பூனைகளை வைத்து 2007-இல் வெளியான கணக்கில், 230 பூனைக்கு ஒன்று என்ற அளவில் சர்க்கரை நோய் இருந்தது. நடுவயதைத் தாண்டிய, கருத்தடை செய்யப்பட்ட, வீட்டுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும் குண்டு ஆண் பூனைகளுக்குத்தான் அது அதிகம் வருகிறது.

எறும்பு வருவதற்கு முன்பே வேறு சில மாற்றங்கள் தெரியும். காலையில் நிரப்பிய தண்ணீர்க் கிண்ணம் மதியத்துக்குள் காலியாகிவிடும். மணல் தட்டில் ஈரக் கட்டிகள் பெரிதாகிக்கொண்டே போகும். பூனை சாப்பாட்டுத் தட்டை நக்கித் துடைத்துவிட்டு மறுபடியும் சமையலறை வாசலில் வந்து கத்தும். இவ்வளவு தின்றும் முதுகெலும்பு துருத்திக்கொண்டு தெரியும். குண்டுப் பூனை இளைப்பதைப் பார்த்து மகிழ்ந்த வீடுகள் உண்டு. அந்த மகிழ்ச்சியில் இரண்டு மாதம் வீணாகிவிடுகிறது. சில பூனைகள் பின்னங்காலை விரல் நுனியில் ஊன்றாமல், குதிகால்வரை தரையில் பதித்து நடக்கத் தொடங்கும். கட்டில்மேல் தாவப் போய், பாதியில் நின்று யோசிக்கும். சர்க்கரை கால் நரம்பைத் தொட்டுவிட்டதற்கு அது அடையாளம்.

பூனையின் ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 270 மில்லிகிராம் என்ற அளவை ஒட்டி ஏறும்போதுதான் சிறுநீரகம் அதைத் தடுக்க முடியாமல் வெளியே விடுகிறது. மனிதரில் அந்த எல்லை 180. எனவே பூனையின் சிறுநீரில் சர்க்கரை தொடர்ந்து இருந்தால் நோய் ஓரளவு முற்றிவிட்டது என்று பொருள். ஆனால் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. கூடைக்குள் அடைத்து, ஆட்டோவில் குலுங்கி, நாய்கள் குரைக்கும் கூடத்தில் காத்திருந்து, மேசையில் அமுக்கிப் பிடிக்கப்பட்ட ஆரோக்கியமான பூனைக்கும் பயத்தினாலேயே சர்க்கரை 300-ஐத் தொடலாம். அதனால்தான் மருத்துவர்கள் ஃப்ரக்டோசமின் என்ற சோதனையையும் கேட்கிறார்கள். கடந்த ஓரிரு வாரங்களில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்பதை அது காட்டும். ஒரு நாள் பயம் அந்த எண்ணை மாற்றாது.

பூனைக்கு ஏன் இந்த நோய் வருகிறது என்பதற்குப் பதில் அதன் நாக்கிலிருந்தே தொடங்குகிறது. பூனைக்கு இனிப்பு தெரியாது. இனிப்பை உணரும் ஏற்பிக்கு இரண்டு மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். பூனைக் குடும்பத்தில் அவற்றில் ஒன்று பழுதாகிக் கிடக்கிறது என்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தினர் 2005-இல் கண்டுபிடித்தார்கள். சிங்கம், புலிக்கும் அப்படியே. பூனையின் உமிழ்நீரில் மாவுச்சத்தைக் கரைக்கும் நொதி இல்லை. குடலிலும் கணையத்திலும் அது குறைவு. சாப்பிட்டவுடன் ரத்தத்தில் திடீரென்று பாயும் குளுக்கோஸை அள்ளிக்கொள்ள நம் கல்லீரலில் குளுக்கோகைனேஸ் என்ற நொதி இருக்கிறது. பூனையின் கல்லீரலில் அது செயல்படுவதே இல்லை எனலாம். பூனை தனக்குத் தேவையான சர்க்கரையைப் புரதத்திலிருந்து தானே இரவும் பகலும் தயாரித்துக்கொள்ளும். எலி, பறவை, ஓணான் என்று வேட்டையாடிப் பிழைக்கும் பூனைகளின் உணவை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். கலோரியில் 52 சதவீதம் புரதம், 46 சதவீதம் கொழுப்பு, மாவுச்சத்து வெறும் 2 சதவீதம்.

இந்த உடலுக்குத்தான் பால்சோறும், மீன்குழம்பு பிசைந்த சோறும், பாக்கெட்டில் வரும் உலர் தீவனமும் நாள் முழுவதும் போகின்றன. பத்து வருடம் இப்படிச் சாப்பிட்டும் நோயே வராத பூனைகள் ஏராளம்; சோறுதான் காரணம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. உடற்பருமன், ஓடியாடாத வாழ்க்கை, பரம்பரை, தோல் அரிப்புக்கும் ஆஸ்துமாவுக்கும் கொடுக்கும் ஸ்டீராய்டு ஊசி, இவையெல்லாம் சேர்ந்து இன்சுலினுக்கு உடல் செவிசாய்ப்பதைக் குறைக்கின்றன. கணையம் ஈடுகட்ட மேலும் மேலும் சுரந்து களைத்துப்போகிறது. நாய்களுக்கு வருவது பெரும்பாலும் இன்சுலின் சுரப்பே நின்றுபோகும் வகை. பூனைக்கு வருவதோ நம் தாத்தாக்களுக்கும் அத்தைகளுக்கும் வருகிற இரண்டாம் வகையை ஒத்தது. இந்த ஒற்றுமை மேலோட்டமானதும் இல்லை. இன்சுலினோடு சேர்ந்து சுரக்கும் அமைலின் என்ற புரதம் கணையத் திட்டுகளில் படிந்து அவற்றை அழிப்பது மனிதரிலும் பூனையிலும் ஒன்றுபோல் நடக்கிறது. 1987-இல் ஸ்வீடனின் வெஸ்டர்மார்க் குழுவினர் அந்தப் புரதத்தை அடையாளம் கண்டபோது அவர்கள் கையில் இருந்த மாதிரிகளில் ஒன்று, சர்க்கரை நோய் கண்ட பூனையின் கணையம்.

ரத்தத்தில் ஏறிய சர்க்கரையே கணைய செல்களை நஞ்சுபோல் தாக்கும் என்பது முக்கியமான செய்தி. தொடக்கத்தில் அந்த செல்கள் செத்துவிடுவதில்லை, மயங்கிக் கிடக்கின்றன. சர்க்கரையைச் சீக்கிரம் இறக்கினால் பல செல்கள் விழித்துக்கொள்ளும். தாமதித்தால் மயக்கம் மரணமாகிவிடும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் புதிதாக நோய் கண்ட 24 பூனைகளுக்கு மாவுச்சத்து குறைந்த உணவைக் கொடுத்து, மூன்று வகை இன்சுலினை எட்டெட்டுப் பூனைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2009-இல் வெளியான முடிவு இது: கிளார்ஜின் என்ற நெடுநேர இன்சுலின் போட்ட எட்டும் ஊசியே தேவைப்படாத நிலைக்கு வந்தன. மற்ற இரு வகைகளில் மூன்றும் இரண்டும்தான் வந்தன. எட்டு என்பது சிறிய எண்ணிக்கை. எல்லாப் பூனைக்கும் இதையே எதிர்பார்க்க முடியாது. அதே ஆண்டு ரூம்ப், ராண்ட் என்ற இருவர் வெளியிட்ட இன்னொரு ஆய்வில் 55 பூனைகள் இருந்தன. வீட்டிலேயே அடிக்கடி ரத்தம் பார்த்து அளவை மாற்றும் கண்டிப்பான முறை. நோய் தெரிந்து ஆறு மாதத்துக்குள் அதில் சேர்ந்த பூனைகளில் 84 சதவீதம் ஊசியிலிருந்து விடுபட்டன. பிறகு சேர்ந்தவற்றில் 35 சதவீதம்தான்.

ஆக, முதல் ஆறு மாதம் தங்கமான காலம். அதற்குள் சாப்பாடும் ஊசியும் சேர்ந்தே மாற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை விட்டுவிடுவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு.

முதலில் சாப்பாடு. பாக்கெட்டின் பின்புறம் புரதம், கொழுப்பு, நார், ஈரம் எவ்வளவு சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். மாவுச்சத்தை மட்டும் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். அதை நாமே கணக்கிடலாம். புரதம் 30, கொழுப்பு 10, நார் 5, ஈரம் 10, சாம்பல் (தாதுச் சத்து) 8 என்று ஓர் உலர் தீவனப் பாக்கெட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் கூட்டினால் 63. நூற்றில் மீதி 37, அதுதான் மாவுச்சத்து. புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 3.5 கலோரி, கொழுப்புக்கு 8.5 என்று பெருக்கிப் பார்த்தால், மொத்தக் கலோரியில் 40 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருவது தெரியும். டின்னில் வரும் ஈர உணவு ஒன்றில் புரதம் 10, கொழுப்பு 5, நார் 1, ஈரம் 81, சாம்பல் 2 என்றால் மீதி 1. கலோரிக் கணக்கில் 4 சதவீதம்தான். சர்க்கரைப் பூனைக்கு மாவுச்சத்து 12 சதவீதக் கலோரிக்குள் இருப்பது நல்லது என்பது மருத்துவர்களின் பொதுவான அளவுகோல். பவுச்சில் வரும் எல்லாமே இதில் தேறிவிடாது. கெட்டியான குழம்போடு வருவதில் ஸ்டார்ச் கலந்திருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

வீட்டுச் சமையல் கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாமல் வேகவைத்த கோழியும் மீனும் சோற்றைவிட நூறு மடங்கு மேல். ஆனால் வெறும் கோழிக்கறியில் கால்சியம் போதாது. வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் டாரின் என்ற சத்தும் அதோடு போய்விடும். டாரின் குறைந்தால் பூனையின் கண்ணும் இதயமும் பழுதாகும். மாதக்கணக்கில் வீட்டுச் சாப்பாடே போடுவதாக இருந்தால், சேர்க்க வேண்டிய சத்துகளை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்வதே முறை. குண்டுப் பூனை மெலிய வேண்டும் என்பதற்காகப் பட்டினி போடுவது மட்டும் கூடவே கூடாது. சில நாள் சாப்பிடாத குண்டுப் பூனையின் கல்லீரலில் கொழுப்பு போய் நிறைந்து, அதுவே உயிரை வாங்கிவிடும். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதம் குறைந்தால் போதும். ஆறு கிலோ பூனைக்கு 60 கிராம். குழந்தையை எடை பார்க்கும் தராசு இதற்கு உதவும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஏற்கனவே இன்சுலின் போடும் பூனைக்கு மருத்துவரைக் கேட்காமல் உணவை மாற்றக் கூடாது. சோற்றையும் உலர் தீவனத்தையும் நிறுத்திய சில நாட்களிலேயே இன்சுலின் தேவை சடாரென்று இறங்கிவிடும். பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போகும். நல்லது செய்யப் போய்ப் பூனையை இழப்பது இப்படித்தான்.

அடுத்தது ஊசி. 1922 ஜனவரியில் டொரன்டோவில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாகப் போட்ட மருந்து, இன்று நாலு கிலோ பூனைக்கும் அதே வேலையைச் செய்கிறது. பூனையின் சொந்த இன்சுலின் மாட்டின் இன்சுலினிலிருந்து ஒரே ஒரு அமினோ அமிலத்தில் மட்டும்தான் வேறுபடுகிறது. மனித இன்சுலினிலிருந்து நான்கில். ஆனாலும் மனிதருக்கான இன்சுலின் பூனையில் நன்றாகவே வேலை செய்யும். வகைதான் முக்கியம். பூனையின் உடல் இன்சுலினை வேகமாகச் செலவழித்துவிடும் என்பதால், மனிதரில் அரை நாளுக்கு மேல் நிற்கும் பால் நிற இன்சுலின் பூனையில் சீக்கிரமே தீர்ந்துபோகிறது. ஃபிரிட்ஜில் தாத்தாவின் இன்சுலின் இருக்கிறதே என்று அதிலிருந்து எடுத்துப் போடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். புரோட்டமின் துத்தநாக இன்சுலின், கிளார்ஜின் போன்றவை பூனைக்கு ஏற்றவை. பெரும்பாலான பூனைகளுக்கு ஒரு யூனிட்டில் தொடங்கி, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போடச் சொல்வார்கள். காலை ஏழு, இரவு ஏழு என்று வைத்துக்கொண்டால் வேலைக்குப் போகிறவர்களுக்கும் சௌகரியம்.

ஒரு யூனிட் என்பது எவ்வளவு சிறியது என்பதைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் புரியும். மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள மருந்தில் அது 0.025 மில்லி. ஒரு சொட்டில் பாதி. இந்தியாவில் இதில் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. இங்கே 40 யூனிட் குப்பியும் விற்கிறது, 100 யூனிட் மருந்தும் விற்கிறது. முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, பின்னதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ‘ஒன்று’ கோடுவரை இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். மாற்றிச் செய்தால் அரை யூனிட்கூடத் தேறாது. மனிதருக்கு இது சின்னத் தவறாகப் போகலாம். பூனைக்கு உயிர்ப் பிரச்சினை. கடைக்காரர் கொடுத்ததை அப்படியே வாங்கி வராமல், குப்பியில் உள்ள எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் கடை வாசலிலேயே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அரை யூனிட்டுக்கும் கோடு போட்ட சிரிஞ்சு கிடைத்தால் அதுவே பூனைக்கு மிகப் பொருத்தம்.

ஊசி போடுவது பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை. பூனை தட்டில் முகம் புதைத்துச் சாப்பிடும்போது, விலாப்பக்கத் தோலை இரு விரலால் கூடாரம்போல் தூக்கி, கூடாரத்தின் அடியில் ஊசியை நுழைத்து அழுத்தினால் முடிந்தது. பல பூனைகள் தலையைக்கூடத் திருப்புவதில்லை. சிலவேளை ஊசி தோலின் மறுபக்கம் வெளியே வந்து, மருந்து ரோமத்தில் போய்விடும். விரலில் ஈரம் பட்டு, மருந்து வாடை அடிக்கும். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாதபோது இன்னொரு ஊசி போடவே கூடாது. ஒரு வேளை சர்க்கரை ஏறியிருந்தால் பெரிய கேடில்லை. பூனை சாப்பிட மறுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ வழக்கமான அளவைப் போடும் முன் மருத்துவருக்கு ஒரு போன் போட வேண்டும். மருந்தை ஃபிரிட்ஜின் கதவில் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது. பால் நிறத்தில் இருக்கும் மருந்தைப் பெரும்பாலும் உள்ளங்கையில் மெதுவாக உருட்டினால் போதும். வகைக்கு வகை மாறும் என்பதால் குப்பியோடு வரும் தாளில் சொன்னபடி செய்வதே சரி. கிளார்ஜினில் தண்ணீர் கலந்து அளவைக் கூட்டிக்கொள்ளும் யோசனையும் ஆபத்து. அமிலக் கரைசலாக இருக்கும் அது தோலுக்கடியில் போன பிறகு நுண்துகளாகப் படிந்து, மெல்ல மெல்லக் கரைவதால்தான் நெடுநேரம் நிற்கிறது.

போட்ட ஊசி எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வீட்டிலேயே ரத்தம் பார்ப்பதுதான் வழி. அதற்குக் காது மடல் போதும். மடலின் ஓரத்தில் ஒரு மெல்லிய ரத்தக்குழாய் ஓடும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அரை நிமிடம் காதில் வைத்து, பின்புறம் பஞ்சை அணைத்துக்கொண்டு, ஓரத்தில் ஒரு குத்து. கடுகளவு ரத்தம் துளிர்க்கும். ஸ்ட்ரிப்பைக் காட்டிவிட்டு, பஞ்சால் அழுத்திப் பிடித்து, பிடித்தமான கோழித்துண்டு ஒன்றைக் கொடுத்தால், ஒரு வாரத்தில் பூனை மீட்டரைப் பார்த்தாலே ஓடி வரும். வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கான குளுக்கோமீட்டரிலும் பார்க்கலாம். ஆனால் பூனையின் ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறக்குறைய முழுவதும் பிளாஸ்மாவில்தான் இருக்கிறது, சிவப்பணுக்களில் மிகக் குறைவு. அதனால் மனித மீட்டர் உண்மை அளவைவிடக் குறைத்தே காட்டும். எந்த மீட்டர் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஊசி போட்ட நாலு முதல் எட்டு மணி நேரத்தில் சர்க்கரை அன்றைய அடிமட்டத்தைத் தொடும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் மருத்துவர் அளவை அரை யூனிட் ஏற்றுவார் அல்லது இறக்குவார். தோளில் ஒட்டிக்கொண்டு பதினான்கு நாள் சர்க்கரையைச் சொல்லும் சென்சாரும் இப்போது பூனைகளுக்குப் பயன்படுகிறது.

சர்க்கரை ஏறுவது பூனையை வாரக்கணக்கில் வாட்டும்; இறங்குவதோ ஒரு மணி நேரத்தில் கொல்லும். தள்ளாட்டம், நடுக்கம், வெறித்த பார்வை, விரிந்த கண்மணி, எழுப்பினாலும் எழாத சோர்வு, கடைசியில் வலிப்பு. நினைவோடு இருந்தால் உடனே உணவைக் காட்ட வேண்டும். தள்ளாடினால் தேனையோ தண்ணீரில் குழைத்த குளுக்கோஸ் தூளையோ ஈறில் தடவ வேண்டும். வலிப்பில் இருக்கும் பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். ஈறில் லேசாகத் தடவிவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உட்பட, எங்கே எந்த நேரத்தில் அவசர சிகிச்சை கிடைக்கும் என்பதை முன்கூட்டியே விசாரித்து ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவைப்பது நல்லது.

ஊசியே வேண்டாத மாத்திரை உண்டா என்ற கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் பெக்ஸாக்ளிஃப்ளோசின் மாத்திரைக்கு 2022 டிசம்பரிலும், வாயில் ஊற்றும் வெலாக்ளிஃப்ளோசினுக்கு 2023 ஆகஸ்டிலும் அமெரிக்க அரசு பூனைகளுக்காக அனுமதி தந்தது. தினம் ஒரு வேளை போதும். ஆனால் முன்பு இன்சுலின் போட்ட பூனைக்கு இவை கூடாது. ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கும்போதே கீட்டோன் என்ற அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம் என்ற அபாயமும் உண்டு. நல்ல பசியோடு, சுறுசுறுப்பாக இருக்கும், புதிதாக நோய் கண்ட பூனைக்கு மட்டும் மருத்துவரின் கண்காணிப்பில் கொடுக்க வேண்டிய மருந்துகள் இவை.

எல்லாம் சரியாகச் செய்தும் சர்க்கரை இறங்காத பூனைகள் உண்டு. பல் ஈறு அழுகியிருக்கலாம், சிறுநீர்த் தொற்று இருக்கலாம், ஸ்டீராய்டு இன்னும் உடம்பில் ஓடலாம். அதைவிட ஆழமான காரணமும் உண்டு. லண்டனின் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1,221 சர்க்கரைப் பூனைகளின் ரத்தத்தை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவில், ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு வளர்ச்சி ஹார்மோன் மிகையாக இருப்பதற்கான அடையாளம் தெரிந்தது. பிட்யூட்டரி சுரப்பியில் உள்ள ஒரு சிறு கட்டி அந்த ஹார்மோனைச் சுரந்து சர்க்கரையை ஏற்றிக்கொண்டே இருக்கும். இன்சுலின் அளவை ஏற்றிக்கொண்டே போய்ப் பலனில்லை என்றால் இதையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

ஊசியிலிருந்து விடுபட்ட பூனைக்கும் நோய் முற்றிலும் போய்விட்டதாகச் சொல்ல முடியாது. ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு அது திரும்பி வருகிறது. மாவுச்சத்து குறைந்த சாப்பாடு ஆயுள் முழுவதும் தொடர வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காதில் ஒரு குத்து வேண்டும், ஸ்டீராய்டு ஊசி போடும் முன் எந்த மருத்துவரிடமும் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடை மருத்துவர்களிடம் கேட்டு 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு மனதை உறுத்துகிறது. சர்க்கரை நோய் உறுதியான நாய், பூனைகளில் பத்தில் ஒன்றை அந்த வேளையிலேயே கருணைக்கொலை செய்துவிடுகிறார்கள், இன்னொன்றை ஓராண்டுக்குள். செலவு, பயம், நேரமின்மை என்று காரணங்கள் உண்டு. ஆனால் இன்று நோய் தெரிந்த பூனைக்கு வேண்டியது சோற்றுக் கிண்ணத்தை மாற்றும் உறுதி, நாளுக்கு இரண்டு முறை அரைச் சொட்டு மருந்து, காது மடலில் ஒரு குத்து, சந்தேகம் வந்தால் கேட்க ஒரு மருத்துவர். தாத்தாவுக்குத் தினமும் ஊசி போட்டுப் பழகிய கைகள் நம் வீடுகளில் ஏராளமாக இருக்கின்றன. முடிவு எடுக்கும் முன் அந்தப் பூனைக்கு ஆறு மாதம் கொடுங்கள்.